ஆலயத்துக்கு நிலம்: குன்னூரில் அனுமதிக்கு முன் செய்ய வேண்டிய ஆய்வு

குன்னூர்ப் பக்கம் புதிய ஆலயம் கட்டும் சபைகள் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் வேலையைத் தொடங்குகின்றன. விசுவாசி ஒருவர் நிலம் தருகிறார். ஆயர் வந்து ஜெபித்துக் கல் நாட்டுகிறார். பொறியாளர் பிளான் போடுகிறார். அப்ரூவல் என்ற பேச்சே அதற்குப் பிறகுதான் எழுகிறது. இந்த வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும் என்பதே இந்த அத்தியாயத்தில் நான் சொல்ல வருவது. கல் நாட்டிவிட்டால் சபையால் பின்வாங்க முடியாது. காணிக்கை வாங்கியாயிற்று, ஆயர் கை வைத்தாயிற்று, கல்லில் பெயரும் பொறித்தாயிற்று. அந்த இடம் கட்டடத்தைத் தாங்காது என்று பிறகு தெரியவந்தாலும் கட்டடக் குழுவில் அதை வாய்விட்டுச் சொல்ல யாரும் துணிய மாட்டார்கள். ஆகவே நிலத்தைப் பார்ப்பது முதலில், தாள்களைப் பார்ப்பது அடுத்து, அனுமதி அதற்கடுத்து, கல் கடைசியில்.

முன்பு இத்தனை ஆய்வு தேவைப்படவில்லை. உதகையின் புனித ஸ்தேவான் ஆலயத்துக்கு 1829 ஏப்ரல் 23 அன்று அடிக்கல் நாட்டினார்கள். 1830 நவம்பர் 5 அன்று பிரதிஷ்டை செய்தார்கள். அன்றைய சென்னை ஆளுநர் லஷிங்டனின் விருப்பம் ஒன்றே போதுமானதாக இருந்தது. ஸ்ரீரங்கப்பட்டணத்துத் திப்பு சுல்தான் அரண்மனையிலிருந்து உத்தரங்கள் மலையேறி வந்தன. குன்னூருக்கு நகராட்சி வந்ததே 1866-இல்தான். அப்போது மலையில் வீடுகள் குறைவு, சரிவுகளில் சோலையும் புல்வெளியும் இருந்தன, சமமான மேட்டைத் தேடி எடுத்துக்கொள்ள இடமும் இருந்தது. நல்ல மேடுகளெல்லாம் அந்தக் காலத்திலேயே தீர்ந்துபோயின. இன்று ஒரு சபைக்குக் கிடைப்பது பெரும்பாலும் தேயிலைச் சரிவு, ஓடைக்கரை, அல்லது இரண்டு வீடுகளுக்கு நடுவே விடப்பட்ட செங்குத்தான துண்டு. அது ஏன் யாருமே கட்டாமல் விடப்பட்டது என்ற கேள்வியிலிருந்துதான் உங்கள் ஆய்வு தொடங்க வேண்டும்.

முதலில் தண்ணீர்

நிலம் தரும் விசுவாசி உங்களை ஏப்ரல், மே மாதத்தில் அழைத்துப்போவார். வெயில் இதமாக இருக்கும், மண் காய்ந்திருக்கும், எதிரே மலை தெரியும். எல்லாருக்கும் இடம் பிடித்துப்போகும். குன்னூருக்குப் பெருமழை தருவது வடகிழக்குப் பருவமழை. அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் வரை. எனவே அதே இடத்தை நவம்பரில், நல்ல மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலையில், இன்னொரு முறை போய்ப் பாருங்கள். அதற்காக ஆறு மாதம் காத்திருக்க வேண்டியிருந்தால் காத்திருங்கள். இந்த ஒரு விஷயத்தில் நான் எந்தச் சமாதானத்துக்கும் இடம் தர மாட்டேன்.

2009 நவம்பரில் பெய்த மழையில் நீலகிரியில் 40-க்கும் மேற்பட்டோர் மண்சரிவுகளில் உயிரிழந்தார்கள். குன்னூருக்கும் உதகைக்கும் நடுவே இருக்கும் கேத்தியில் ஒரே நாளில் பதிவான மழை 82 சென்டிமீட்டர். அதற்கு முன்பு 1993 நவம்பரில் குன்னூர் மேட்டுப்பாளையம் சாலையில் மரப்பாலத்தில் மலை சரிந்து சாலையையே கொண்டுபோனது. நீலகிரியில் ஆபத்தான இடங்கள் என்று மாவட்ட நிர்வாகம் 283 இடங்களை அடையாளம் கண்டு, ஒவ்வொரு மழைக்காலத்திலும் கண்காணிக்கிறது. உங்கள் நிலம் அவற்றில் ஒன்றுக்குப் பக்கத்திலா என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

மழைக்கு மறுநாள் என்ன பார்ப்பது? சரிவின் அடிவாரத்திலிருந்து தொடங்குங்கள். மண்ணிலிருந்து தண்ணீர் கசிகிற இடம் எங்கே? கசிவு தெளிவாக இருந்தால் அது பழைய ஊற்றாக இருக்கலாம். செம்மண் கலங்கி வந்தால் உள்ளே மண் அரிபடுகிறது என்று பொருள். அடுத்து சில்வர் ஓக் மரங்களைப் பாருங்கள். அடிமரம் பள்ளத்துப் பக்கம் சாய்ந்து, மேலே போகப் போக நிமிர்ந்து வளைந்திருந்தால், அந்தச் சரிவு பல ஆண்டுகளாக மெல்ல நகர்ந்துகொண்டிருக்கிறது. மேட்டில் ஏறி, நிலத்துக்குக் குறுக்கே பிறை வடிவில் விரிசல் ஓடுகிறதா என்று தேடுங்கள். தேயிலைச் செடிகளின் வரிசை ஓரிடத்தில் மட்டும் ஓர் அடி கீழிறங்கியிருந்தாலும் அதுவே செய்தி. பக்கத்து வீடுகளின் தடுப்புச்சுவர்கள் வயிறு தள்ளி நிற்கின்றனவா என்றும் கவனியுங்கள். நீலகிரியின் சார்னோக்கைட் பாறைக்கு மேலே பல மீட்டர் ஆழத்துக்குச் சிதைந்த மண் கிடக்கிறது. நனைந்து கனத்து, கீழே இருக்கும் வழுவழுப்பான களிப்படலத்தின் மேல் அது வழுக்கத் தொடங்கினால் எந்த அஸ்திவாரமும் அதைப் பிடித்து நிறுத்தாது.

இனி ஒரு கணக்கு. உங்கள் ஆலயத்துக்கு 12 மீட்டர் அகலச் சமதளம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நிலம் 20 பாகை சரிவு என்றால், மலைப்பக்கமாக வெட்டியே அந்தத் தளத்தை உண்டாக்க, பின்னால் 4.4 மீட்டர் உயரச் செங்குத்து வெட்டு விழும். 30 பாகை சரிவு என்றால் அது 6.9 மீட்டர். நீலகிரியில் கட்டடங்களுக்கு நெடுங்காலமாகப் பேசப்பட்டுவரும் உயர வரம்பு 7 மீட்டர். அதாவது நீங்கள் கட்டப்போகும் ஆலயத்தின் உயரத்துக்கே அதன் பின்னால் பச்சை மண் சுவர் ஒன்று நிற்கும். 'பாதி வெட்டி அந்த மண்ணை முன்னால் கொட்டி நிரப்பிக்கொள்ளலாம்' என்று ஒப்பந்தக்காரர் சொல்வார். வெட்டு பாதியாகக் குறையும் என்பது உண்மை. ஆனால் கொட்டிய மண் கெட்டிப்படாது. ஆலயத்தின் ஒரு கால் பழைய மண்ணிலும் மறு கால் புது மண்ணிலும் நின்றால் சுவர் நடுவே பிளக்கும். 20 பாகைக்கு மேற்பட்ட சரிவில் ஒரே தளமாக ஆலயம் வேண்டாம் என்பது என் முடிவான கருத்து. பலிபீடம் மேலேயும் வாசல் கீழேயுமாக, மலையின் படிகளை ஒட்டியே தளத்தையும் இரண்டு மூன்று படிகளாக அமைக்கும் கட்டடக் கலைஞர் கிடைத்தால் அவரை விடாதீர்கள். சக்கர நாற்காலியில் வருவோருக்கு 1:12 சரிவில் சாய்தளம் வேண்டும் என்பதையும் அவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

கூரைத் தண்ணீரையும் கணக்கிடுங்கள். 300 சதுர மீட்டர் கூரையில் 10 சென்டிமீட்டர் மழை விழுந்தால் 30,000 லிட்டர். கேத்தியில் பெய்தது போன்ற ஒரு நாள் வந்தால் ஏறத்தாழ இரண்டரை லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரிகள் இருபதை ஒரே நாளில் சரிவில் கவிழ்ப்பதற்குச் சமம். அந்த நிலம் தேயிலையாக இருந்தவரை இத்தண்ணீரைச் செடியும் வேரும் வாங்கிப் பரப்பி இறக்கின. இப்போது அது ஒரு குழாயின் வாயிலிருந்து ஓரிடத்தில் கொட்டும். சமவெளியில் மழைநீர்ச் சேகரிப்பு என்றால் உறிஞ்சுகுழி தோண்டுகிறோம். செங்குத்துச் சரிவில் உறிஞ்சுகுழி தோண்டுவது மலையின் உள்ளே தண்ணீரை ஊட்டுவதாகும். கீழ்வீட்டுக்காரர்களின் மேல் மண்ணை இறக்க அது போதும். மூடிய தொட்டியில் பிடித்துப் புழங்குங்கள். மிச்சத்தைக் கல் பாவிய வடிகால் வழியாக இயற்கை ஓடை வரை கொண்டுபோய்ச் சேருங்கள். ரேலியா அணையை நம்பியிருக்கும் ஊரில் கோடையில் தொட்டித் தண்ணீர் எப்படியும் உதவும். கழிப்பறைத் தொட்டியையும் வெட்டு விளிம்பிலிருந்து முடிந்த அளவு தள்ளி வையுங்கள்.

தாள்கள்

பட்டா, வில்லங்கச் சான்று, 'அ' பதிவேட்டு நகல், புல வரைபடம் ஆகிய நான்கும் கையில் இருக்க வேண்டும். நகராட்சி எல்லைக்குள் என்றால் நகர நில அளவைப் பதிவேட்டின் நகலும் வேண்டும். இவற்றில் பலரும் சரியாகப் படிக்காதது புல வரைபடம். அதில் ஓடை தனியாகக் குறிக்கப்பட்டிருக்கும். நிலத்தில் இன்று ஓடை கண்ணுக்குத் தெரியாமல் போயிருக்கலாம். யாராவது மண் போட்டுத் தேயிலை நட்டிருக்கலாம். தாளில் ஓடை இருந்தால் மழைக்காலத்தில் நிலத்திலும் ஓடை இருக்கும். அதன்மேல் கட்டக்கூடாது.

'அ' பதிவேட்டில் நிலத்தின் வகை என்ன? நிலமற்றோருக்கு நிபந்தனையோடு ஒப்படைத்த நிலம் என்றால் அதை நன்கொடையாகப் பெறவே முடியாமல் போகலாம். தேயிலைத் தோட்டத்திலிருந்து பிரிந்த துண்டு என்றால், தோட்டம் என்ற காரணத்துக்காக நில உச்சவரம்புச் சட்டத்திலிருந்து விலக்குப் பெற்ற நிலமா என்று வழக்கறிஞர் பார்க்க வேண்டும். தோட்டம் அல்லாத பயன்பாட்டுக்கு மாறினால் அந்த விலக்கே கேள்விக்குள்ளாகும். தனியார் காடு என அறிவிக்கப்பட்ட நிலத்துக்கு 1949-ஆம் ஆண்டின் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம் உண்டு. மரம் வெட்ட 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அனுமதி வேண்டும். சொந்தப் பட்டாவில் நிற்கும் மரமானாலும் சரி.

புறம்போக்கு நிலத்தில் ஒரு சிலுவையை நட்டு, பிறகு தகரக் கொட்டகை, பிறகு சுவர் என்று வளர்ப்பது எல்லா மதத்தாரிடமும் இருக்கும் பழக்கம். சாலை, பூங்கா போன்ற பொது இடங்களில் கோயில், தேவாலயம், மசூதி, குருத்துவாரா என்ற பெயரில் அனுமதியற்ற கட்டுமானம் எதையும் இனி விடக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2009 செப்டம்பர் 29 அன்று எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. அந்த வழியை நினைத்தும் பார்க்காதீர்கள்.

நிலம் யார் பெயரில் பதிவாகும் என்பதையும் இப்போதே தீர்மானியுங்கள். தென்னிந்தியத் திருச்சபையின் சொத்துகள் பொதுவாக அதன் டிரஸ்ட் அசோசியேஷன் பெயரில் இருக்கின்றன. கத்தோலிக்கர்களுக்கு 1955-இல் உருவான உதகை மறைமாவட்டம். விண்ணப்பத்தில் கையெழுத்திடும் உரிமை எவரிடம் இருக்கிறதோ அவருடைய அதிகாரப் பத்திரம் கோப்பில் இல்லாவிட்டால், மற்ற எல்லாம் சரியாக இருந்தும் கோப்பு நகராது. தனிச் சபைகள் போதகர் பெயரிலேயே நிலத்தைப் பதிவதுண்டு. அதைத் தவிருங்கள், சங்கமாகவோ அறக்கட்டளையாகவோ பதிந்துகொண்டு அதன் பெயரில் வாங்குங்கள்.

எந்தக் கதவு, எந்த வரிசை

அடிப்படைச் சட்டம் 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம். அதன்கீழ் தயாரான முழுமைத் திட்டத்தில் உங்கள் புல எண் என்ன பயன்பாட்டுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று முதலில் எழுத்தில் பெறுங்கள். குடியிருப்பா, நிறுவனமா, விவசாயமா, திறந்தவெளியா? ஆலயத்துக்கு இடம்தராத பயன்பாடு என்றால் நிலப் பயன்பாட்டு மாற்றம் கோர வேண்டும். அதற்கு நாளிதழில் அறிவிப்பு வரும், ஆட்சேபணைகள் கேட்கப்படும், அரசிதழில் வெளியாக வேண்டும். அவசரப்படும் சபைக்கு இது பொருந்தாது. வேறு நிலம் கிடைக்கும் என்றால் வேறு நிலத்தைப் பாருங்கள்.

இதற்கு மேல் மலைக்கென்று தனி அடுக்கு இருக்கிறது. 1990-இல் அரசு அமைத்த மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தை எல்லாரும் 'ஹாக்கா' என்றே சொல்கிறார்கள். மலைவாசத்தலங்களுக்கான கட்டட விதிகள் 1993-இல் வந்தன. மாவட்ட ஆட்சியர் தலைமையில் கட்டடக் கலை, அழகியல் அம்சங்களைப் பார்க்கும் குழுவுக்குப் பேச்சு வழக்கில் 'டிரிபிள் ஏ கமிட்டி' என்று பெயர். 2019-இல் தமிழ்நாடு முழுமைக்குமான ஒருங்கிணைந்த வளர்ச்சி, கட்டட விதிகள் வந்தன. விதிகள் அவ்வப்போது திருத்தப்படுவதால், எந்த அளவையும் பழைய புத்தகத்திலிருந்து எடுக்காமல் விண்ணப்பிக்கும் மாதத்தில் நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். வனத்துறை, புவியியல் மற்றும் சுரங்கத் துறை, வேளாண் பொறியியல் துறை, வருவாய்த் துறை ஆகியவற்றின் தடையின்மைச் சான்றுகளை மலைப்பகுதிக் கோப்புகளுக்குக் கேட்பார்கள். மண் வெட்டும் ஜேசிபிக்குத் தனியாக அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் வண்டி இறங்கினால் வண்டியைப் பிடித்துவைத்துக்கொள்வார்கள். மலை ரயில் பாதையின் எல்லையிலிருந்து 30 மீட்டருக்குள் என்றால் ரயில்வேயின் சான்று. வெலிங்டன் பக்கம் என்றால், நிலம் கன்டோன்மென்ட் வாரியத்தின் எல்லைக்குள்ளா என்பதைப் பாருங்கள். அங்கே நகராட்சிக்கு வேலை இல்லை.

வழிபாட்டுக் கட்டடத்துக்கென்று இன்னொரு கதவும் உண்டு. 1972-ஆம் ஆண்டின் நகராட்சிக் கட்டட விதிகளும் 1997-ஆம் ஆண்டின் ஊராட்சிக் கட்டட விதிகளும், பொது வழிபாட்டுக்கான கட்டடத்துக்கு ஆட்சியரின் முன் ஒப்புதல் வேண்டும் என்றன. பொது அமைதி கெடும் என்று கருதினால் அவர் மறுக்கலாம். இது எல்லா மதங்களுக்கும் ஒன்றுபோல எழுதப்பட்ட விதி. அரசியலமைப்பின் 26-ஆம் பிரிவு சமயப் பிரிவுகளுக்குச் சொத்து வைத்திருக்கும் உரிமையைத் தருகிறது. அதைச் சட்டப்படி நிர்வகிக்க வேண்டும் என்றும் அதே பிரிவே சொல்கிறது. ஆட்சேபணை வந்தது என்ற ஒரே காரணத்தால் மறுப்பு வந்தால், காரணங்களை எழுத்தில் கேட்டு வாங்கி மேல்முறையீடு செய்யுங்கள். வீட்டுக்கென்று அனுமதி வாங்கி ஜெபக்கூடமாகப் பயன்படுத்தும் குறுக்குவழியில் போன சபைகளுக்கு இந்த வாதம் கைகொடுப்பது கடினம். அங்கே அதிகாரிக்கு மதத்தைப் பற்றிப் பேச வேண்டிய தேவையே இல்லை. அனுமதி ஒன்று, பயன்பாடு வேறு என்று ஒரு வரி எழுதினால் போதும்.

விதியை மீறிக் கட்டிவிட்டுப் பிறகு முறைப்படுத்திக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கொடைக்கானல் பிளசன்ட் ஸ்டே ஹோட்டலை நினைவூட்டுங்கள். இரண்டு தளங்களுக்கு அனுமதி இருந்த இடத்தில் ஏழு தளங்கள் எழுந்தன. அரசே விலக்கு அளித்தும் அது நீதிமன்றத்தில் நிற்கவில்லை; பழனி மலைப் பாதுகாப்பு மன்றம் தொடுத்த வழக்கு 1995-இல் உச்ச நீதிமன்றம் வரை போய், மீறிக் கட்டிய தளங்கள் இடிபட்டன.

கோபுரம் பற்றி ஒரு சொல். உயர வரம்பு 7 மீட்டராக இருக்கும் மலையில் சமவெளியின் உயர்ந்த கோபுரத்தை வரைந்துகொண்டு போவது கோப்பைத் திருப்பி அனுப்பச் சொல்வதாகும். குன்னூரில் ஆலயத்தை உயர்த்திக் காட்ட மலையே இருக்கிறது. தாழ்ந்த ஓட்டுக் கூரையும் நல்ல மணி ஒன்றும் போதும்.

ஆலயத்தின் பின்னால் இருப்பது

ஒரு ஆலயம் ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்று மணி நேரம் பயன்படுவதால் யாருக்கும் பெரிய தொல்லை இல்லை. தகராறுகள் எழுவது அதை ஒட்டி வளர்பவற்றால். சமுதாயக் கூடம், கல்யாண விருந்து, அசனம், மழலையர் பள்ளி, குருமனை, விடுதி, கிறிஸ்துமஸ் மாதத்து ஒலிபெருக்கி என்று பட்டியல் நீளும். இவற்றில் எதையெல்லாம் பத்தாண்டுக்குள் கட்டும் எண்ணம் இருக்கிறதோ அதையெல்லாம் முதல் வரைபடத்திலேயே காட்டுங்கள். 'முதலில் ஆலயத்துக்கு வாங்கிக்கொள்வோம், கூடத்தைப் பிறகு பார்க்கலாம்' என்ற யோசனை கட்டடக் குழுக் கூட்டங்களில் தவறாமல் எழும். பிறகு கூடத்துக்கு விண்ணப்பிக்கும்போது வடிகால், வண்டி நிறுத்தம், தொட்டி எல்லாமே போதாமல் போகும். சரிவில் இன்னொரு வெட்டு விழும்.

வண்டி நிறுத்தத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 200 பேர் வரும் கல்யாணத்துக்கு, காருக்கு ஐந்து பேர் என்று தாராளமாக வைத்தாலும் 40 கார். ஒரு காருக்கு இரண்டரைக்கு ஐந்து மீட்டர். திருப்பிச் செல்லும் வழியோடு சேர்த்தால் அதற்கு இரட்டிப்பு. மொத்தம் 1,000 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய 25 சென்ட். 300 சதுர மீட்டர் ஆலயத்துக்காக அதைப் போல மூன்று மடங்கு நிலத்தை வெட்டிச் சமன்செய்து கான்கிரீட் போடும் நிலை இது. நான் சொல்வது: நிலத்துக்குள் மாற்றுத்திறனாளிகள், முதியோர் வரும் வண்டிகளுக்கும் ஆம்புலன்ஸுக்கும் மட்டும் இடம் விடுங்கள். மற்றவர்களுக்கு விழா நாளில் மட்டும் பக்கத்துப் பள்ளி மைதானம் ஒன்றை எழுத்து ஒப்பந்தத்தோடு பிடித்து, வேன் விடுங்கள். அந்த ஒப்பந்தத்தின் நகலை விண்ணப்பத்தோடு இணையுங்கள். பெரிய விருந்துக் கூடத்தை மலையில் கட்டவே வேண்டாம்; நகரில் இருக்கும் மண்டபங்களை வாடகைக்கு எடுங்கள்.

ஒலியைப் பற்றி உச்ச நீதிமன்றம் 2000 ஆகஸ்ட் 30 அன்று அளித்த தீர்ப்பு சென்னையிலிருந்து போன வழக்கில்தான் வந்தது. மாதவரம் நெடுஞ்சாலையில் இருந்த முழு சுவிசேஷ சபை ஒன்றின் ஜெபக்கூடத்துக்கும், பக்கத்துக் கே.கே.ஆர். மெஜஸ்டிக் காலனி நலச் சங்கத்துக்கும் நடந்த வழக்கு அது. டிரம்ஸும் ஒலிபெருக்கியும்தான் பிரச்சினை. பிறருடைய அமைதியைக் குலைத்து ஜெபிக்கும்படி எந்த மதமும் சொல்லவில்லை என்று நீதிமன்றம் கூறியது. அதே ஆண்டு வந்த ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபெல், இரவில் 45. குன்னூரில் ஒரு சரிவில் எழும் ஓசை எதிர்ச் சரிவில் அப்படியே கேட்கும்; பள்ளத்தாக்கு அதைத் தாங்கிப் போகும். ஆகவே வெளியே ஒலிபெருக்கி இல்லாத ஆலயம் என்று விண்ணப்பத்திலேயே உறுதி எழுதிக் கொடுங்கள். ஒலி உள்ளேயே அடங்கும்படி சுவரையும் சன்னலையும் வடிவமைப்பதற்கு ஆகும் கூடுதல் செலவு, ஒரு வழக்கின் செலவில் சிறு பகுதிதான்.

கீழ்வீட்டார்

விண்ணப்பம் போடுமுன் சரிவில் உங்களுக்குக் கீழே இருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் போங்கள். ஆயர் மட்டும் போகாமல் பொறியாளரையும் கூட்டிப்போங்கள். கையில் வரைபடம் இருக்கட்டும். அங்கே இருக்கும் அம்மா மதத்தைப் பற்றிப் பேசுவது அபூர்வம். "ஐயா, மழைத் தண்ணி எங்க கொல்லைக்குத்தானே வரும்?" என்று கேட்பார். அதற்குப் பதில் வரைபடத்தில் இருக்க வேண்டும். வடிகால் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று விரலால் காட்டுங்கள். காட்ட முடியவில்லை என்றால் திரும்பி வந்து வரைபடத்தைத் திருத்துங்கள். "நடைபாதையை அடைச்சிருவீங்களா?" என்பது அடுத்த கேள்வியாக இருக்கும். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு வழியாகப் போகும் ஒற்றையடிப் பாதைகள் பல பட்டா நிலத்தினுள்ளேதான் ஓடுகின்றன. அந்தப் பாதையைத் திறந்தே விடுவோம் என்று எழுதிக் கொடுத்தால், ஆட்சேபணை மனுக்களில் பாதி எழுதப்படாமலே போகும். காட்டெருமைகள் இறங்கும் தடத்தையும் அவர்களிடமே கேளுங்கள். சுற்றுச்சுவரை எங்கே திறந்துவிட வேண்டும் என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

ஆட்சேபணை வந்தால் அதைப் பகையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக, மனுவில் இருக்கும் அதே வரிசையில், எழுத்தில் பதில் கொடுங்கள். நிலப் பயன்பாட்டைப் பற்றிய கேள்வியை மதச் சுதந்திரக் கேள்வியாக மாற்றிவிட்டால் இரண்டு தரப்பும் தத்தம் இடத்திலேயே நின்றுவிடும். அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தின் போர்னி என்ற சிற்றூரில் நடந்தது நல்ல பாடம். அங்கே 1923-இல் கட்டிய புனித பேதுரு ஆலயத்தில் ஏறத்தாழ 230 பேர் அமரலாம். சில ஞாயிறு திருப்பலிகளில் 40 முதல் 60 பேருக்கு இடம் இல்லை. விரிவுபடுத்தக் கேட்டபோது பாரம்பரியப் பகுதி என்று நகர நிர்வாகம் மறுத்தது. சபை மதச் சுதந்திரச் சட்டத்தைக் காட்டி வழக்குப் போட்டது. 1997 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் மாநிலங்களையும் நகரங்களையும் கட்டுப்படுத்தாது என்று தீர்த்தது. அதன் விளைவாக 2000-இல் சமய நிலப் பயன்பாட்டுக்கென்றே புதிய சட்டம் வந்தது. போர்னியிலோ பழைய கட்டடத்தின் பெரும்பகுதியைக் காப்பாற்றிக்கொண்டு பின்பக்கம் விரிவுபடுத்துவது என்று இரு தரப்பும் உட்கார்ந்து பேசி முடித்தார்கள். அந்தப் பேச்சு வழக்குக்கு முன்பே நடந்திருக்கலாம்.

போர்னி இன்னொன்றையும் யோசிக்க வைக்கிறது. சபை பெருகிவிட்டது என்றால் புதிய சரிவை வெட்டத்தான் வேண்டுமா? இரண்டு ஆராதனைகளை மூன்றாக்கினால் தீருமா? பழைய ஆலயத்தின் சமதளத்திலேயே பக்கச் சிறகு ஒன்றைச் சேர்க்க முடியுமா? புதிய நிலத்தைத் தேடுவதற்கு முன் இதைச் சேகரக் குழுவில் ஒரு முழுக் கூட்டம் பேசுங்கள். குன்னூரில் ஏற்கெனவே சமன்செய்து, நூறாண்டு மழையைத் தாங்கி நிற்கும் தளத்துக்கு ஈடான நிலம் வேறு கிடையாது.

அனுமதி கிடைத்த பிறகு

வேலை வரிசை இதுதான்: வடிகால், தடுப்புச்சுவர், பிறகு அஸ்திவாரம். ஜனவரியில் தொடங்கி, மண் வேலையும் தடுப்புச்சுவரும் செப்டம்பருக்குள் முடிய வேண்டும். பச்சை வெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு வடகிழக்குப் பருவமழைக்குள் நுழையாதீர்கள். பணம் பற்றாக்குறை என்றால் ஆலயச் சுவரை நிறுத்துங்கள், தடுப்புச்சுவரை நிறுத்தாதீர்கள்.

தடுப்புச்சுவரின் பின்னால் கருங்கல் ஜல்லி நிரப்பி, சுவரில் இடைவெளி விட்டு வடிதுளைகள் வைக்க வேண்டும். கொத்தனார் சில சமயம் குழாயைச் சுவரில் பதித்துவிட்டுப் பின்னால் ஜல்லிக்குப் பதில் மண்ணையே தள்ளிவிடுவார். முன்னாலிருந்து பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும். முதல் மழையிலேயே குழாய் அடைந்துவிடும். ஜல்லி போடும் நாளில் குழுவிலிருந்து ஒருவர் நாள் முழுக்க அங்கே இருக்க வேண்டும். கைபேசியில் படம் எடுத்து, தேதியோடு கோப்பில் வையுங்கள்.

அனுமதி பெற்ற வரைபடத்திலிருந்து ஓர் அடி மாறினாலும் திருத்திய வரைபடம் கொடுங்கள். நிறைவுச் சான்று இல்லாமல் மின் இணைப்பு கிடைப்பது கடினம். பிரதிஷ்டைக்கு ஆயரிடம் தேதி கேட்பது அந்தச் சான்று கைக்கு வந்த பிறகு இருக்கட்டும். சேகரத்தின் சொத்துப் பதிவேட்டில் வடிகால் வரைபடத்தின் நகல் ஒன்றை ஒட்டிவையுங்கள். ஆண்டுதோறும் செப்டம்பர் முதல் வாரத்தில் வடிதுளைகளைக் குத்திச் சுத்தம் செய்ய வாலிபர் சங்கத்தில் இரண்டு பேரைப் பெயர் சொல்லி நியமியுங்கள்.